தொலைவிலிருந்து நீட்டிய கை

தில்லையம்பலத்தாரின் சிதைக்கு முன்னால் அந்த மூன்றுகால் தாங்கியை நான் ஊன்றியபோது மண் இளகிக் கிடந்தது. முதல்நாள் மழை பெய்திருந்தது. ஒரு கால் புதைய, மற்றிரண்டும் கிளம்ப, தாங்கி சரிந்தது. ஓட்டுத் துண்டொன்றைத் தேடி எடுத்து அடியில் வைத்தேன். தாங்கியின் தலையில் பொருத்தியிருந்த என் கைத்தொலைபேசியின் கண்ணாடிக்குள், பாரிஸ் நகரத்து அறையொன்றில், வெற்று மேலோடு வெள்ளை வேட்டி உடுத்து, குளித்த தலையில் ஈரம் சொட்ட, அவருடைய ஒரே மகன் குகன் நின்றிருந்தான்.

"மாமா, அப்பாவின்ரை கால்தான் தெரியுது. கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்கோ."

திருப்பினேன்.

"இப்ப முகம் தெரியுதோ தம்பி?"

"ஓம் மாமா. இப்ப வடிவாத் தெரியுது."

அச்சொற்களைக் கேட்டு நான் மனநிறைவு அடைந்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். எழுதும் கை கூசுகிறது.

சென்ற கிழமை இந்த வாழ்க்கைத் தொடரை, சுன்னாகத்தில் நான் நடத்திவந்த வானொலி திருத்தும் பட்டறையை மூடிய கதையோடு நிறுத்தியிருந்தேன். வரிசைப்படி இனி என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதவேண்டும். ஆனால் வரிசைப்படி வராத ஒன்று நெஞ்சில் குறுக்கே கிடக்கும்போது, மற்றவற்றை எழுதுவது பொய் சொல்வதற்கு ஒப்பாகும்.

மூன்று நிரல்கள்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விஞ்ஞானத்தை அகராதி ஒன்றின் துணையோடு, பழைய ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து, ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் கற்றேன். பட்டறையை மூடிய பின், இந்தப் பத்திரிகையின் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கித் தந்தார்கள். விஞ்ஞானக் கற்பனைக் கதைகளில் வரும் யந்திரங்கள் மெய்யாகவே இயலக்கூடியவைதானா என்று வாசகர் கேட்பார்கள். நான் பதில் எழுதுவேன்.

அதற்காக ஒரு கொப்பி வைத்திருந்தேன். பக்கத்துக்கு மூன்று நிரல்: ஆகும், ஆகக்கூடும், ஆகாது. ஒளியை முந்தி ஓடும் விண்கலம் 'ஆகாது' என்பதில் ஏறிற்று. எதிர்காலத்துக்குப் போதல் 'ஆகக்கூடும்'. மிக விரைந்து செல்பவனுக்குக் காலம் மெதுவாகக் கழியும் என்பது நிறுவப்பட்ட உண்மை. இறந்த காலத்துக்கு மீளுதல் 'ஆகாது'. இதை எழுதிய கிழமை வாசகி ஒருவர், "சற்று யோசித்து எழுதியிருக்கலாம்" என்று மாத்திரம் ஒரு தபாலட்டை அனுப்பியிருந்தார். யாரை இழந்து எழுதினாரோ, அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

தில்லையம்பலத்தார் இந்தக் கொப்பியின் பகைவர். இணுவிலில் எனக்கு நான்கு வளவு தள்ளி இருந்தவர். தபாற் கந்தோரில் தந்தி அடித்து, தந்தி வழக்கொழிந்தபின் முத்திரை விற்று, ஓய்வு பெற்றவர். பின்னேரங்களில் வந்து, நான் எழுதியதை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே பிடித்து வாசிப்பார்.

ஆளை ஓரிடத்தில் கரைத்து வேறோரிடத்தில் எழுப்பும் யந்திரத்தைப் பற்றி நான் எழுதியபோது நடந்த வாதம் நினைவிருக்கிறது. ஒரு மனிதனின் ஒவ்வோர் அணுவும் எங்கே, எப்படி இருக்கிறது என்பதை முதலில் அறியவேண்டும். அத்துணை செய்தியை அனுப்ப எவ்வளவு காலம் செல்லும் என்று கணக்கிட முயன்றேன். கொப்பி முடிந்தது; கணக்கு முடியவில்லை.

"ஐசே, உதுக்கு ஏன் கணக்கு?" என்றார் அவர். "நான் முப்பது வரியம் தந்தி அடிச்சனான். செய்திதான் போகும். ஆள் போகாது."

"செய்தியிலிருந்து ஆளைத் திரும்பக் கட்டலாம் எண்டுதான் சொல்லுறன்."

"அப்ப இஞ்சை நிண்ட ஆள்?"

"அவர் அழிஞ்சுபோவார்."

"அப்ப கொலை செய்துபோட்டு, போன இடத்திலை அவரைப்போலை இன்னொருத்தரை எழுப்பிறீர். நல்ல யந்திரம்! உதை எழுதினதுக்கு உம்மைப் பிடிச்சு உள்ளுக்குப் போடவேணும்."

விட்டுக்கொடுக்க மனமின்றி 'ஆகக்கூடும்' என்று எழுதினேன். அவர் என் பேனாவை வாங்கி, அதன் எதிரே 'தந்தி மாஸ்ரர் ஒத்துக்கொள்ளவில்லை' என்று எழுதிக் கையொப்பமும் இட்டார்.

சுற்றிக் கேட்ட நிலவு

எங்கள் வாதம் பழையது. மின்சாரமே இல்லாத அந்தப் போர் ஆண்டுகளில், மின்கலங்கள் குடாநாட்டுக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அதன் டைனமோவிலிருந்து வானொலிக்கு உயிர் கொடுத்தோம். ஒருவர் பெடலைக் கையால் சுற்றவேண்டும், மற்றவர் கேட்கவேண்டும். சுற்றுகிறவரின் மூச்சிரைப்பில் பாதிச் செய்தி கேளாது.

ஒருநாள், நிலவில் மனிதர் குடியேறுவதைப் பற்றி ஓர் அந்நிய வானொலி பேசிற்று. தில்லையம்பலத்தார் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுவந்தவர், திடீரெனக் கையை எடுத்துவிட்டார். நிலவு அடங்கிற்று.

"ஏன் விட்டனீர்?"

"காணும். அவங்கள் நிலவிலை வீடு கட்டட்டும். எனக்கு மண்ணெண்ணெய் வேணும்."

மற்றொரு நாள், கண்ணுக்குப் புலப்படாத மனிதன் ஏன் 'ஆகாது' என்று விளக்கினேன். ஒளி முழுவதும் உடலை ஊடுருவிப் போகுமாயின், அவனுடைய கண்ணின் உட்திரையிலும் அது தங்காது. ஆதலின் பிறர் கண்ணுக்குப் புலப்படாதவன் தானும் குருடனாகவே இருப்பான்.

"எங்களைப்போலை," என்றார் அவர். "உலகத்துக்கு எங்களைத் தெரியேல்லை. எங்களுக்கும் உலகத்தைத் தெரியேல்லை. உம்மடை நிரலை மாத்தும் ஐசே. அது ஆகும்."

நான் மாற்றவில்லை. பேச்சுக்குப் பேச்சு அவரே சரியாக இருந்தார்; கொப்பி மட்டும் என்னுடையதாக இருந்தது.

அவர் தோற்ற நாள்

குகன் இந்த மண்ணை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள். பாரிசில் ஓர் உணவகத்தின் அடுப்பறையில் வேலை. அவனுடைய அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, மேன்முறையீடு செய்யப்பட்டு, மீண்டும் மறுக்கப்பட்டு, மீண்டும் எங்கோ ஒரு கந்தோரின் அடுக்கில் கிடந்தது. நாட்டைவிட்டு வெளியேறினால் உள்ளே திரும்ப முடியாது. தாயின் மரணத்துக்கும் அவன் வரவில்லை. அப்போது தில்லையம்பலத்தாரே கொள்ளி வைத்தார்.

நெஞ்சுச் சளி முற்றி அவர் படுக்கையில் விழுந்த பின், ஒரு பின்னேரம் என்னை அழைத்தார். தலையணையை உயர்த்திச் சாய்ந்திருந்தார். கற்பூரத் தைலத்தின் நெடி.

"உம்மடை பகுதியிலை ஒருக்கால் எழுதினனீர். தூரத்திலை இருந்துகொண்டு இஞ்சை ஒரு கையை நீட்டி வேலை செய்யலாம் எண்டு."

"ஓம். உலகத்தின்ரை ஒரு பக்கத்திலை வைத்தியர் இருக்க, மற்றப் பக்கத்திலை யந்திரக் கை சத்திரசிகிச்சை செய்யும்."

"எந்த நிரல்?"

"ஆகும்."

அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அப்ப செய்து காட்டும். எனக்குக் கொள்ளி குகன்ரை கையாலைதான். என்ரை மகன் உயிரோடை இருக்க இன்னொருத்தன் வைக்கக்கூடாது. அவன் தாய்க்கு வைக்கேல்லை எண்டு இண்டைக்கும் அழுகிறவன். எனக்கும் வைக்கேல்லை எண்டால் அவன் மனிசனா இரான்."

"நீர் உதை நம்புறீரோ?"

"உம்மை நம்புறன்."

வாசகர்களே, அக்கணத்தில் என் உள்ளத்தில் எழுந்தது துயரம் அன்று. வெற்றி. அவர் இறக்கப்போகிறார் என்பதை மறந்து, அவர் தோற்றுவிட்டார் என்று மகிழ்ந்தேன். அதே மகிழ்ச்சியோடு வீடு திரும்பி, பழைய பெட்டிகளைக் கிளறத் தொடங்கினேன்.

பெட்டி

அதைச் செய்வதில் அரிய வித்தை எதுவும் இல்லை. பழுதடைந்த நீர் சூடாக்கியிலிருந்து சுருட்கம்பி; மோட்டார்ச் சைக்கிளின் மின்கலம்; இணையத்தோடு தொடர்பு கொள்ளும் சிறு மின்பலகை; எல்லாம் ஒரு பெட்டியில் பொருத்தினேன். குகன் தன் தொலைபேசித் திரையின் கீழ்ப்புறத்தில் உள்ள சிவப்புப் பொத்தானைத் தொட்டால், இங்கே மின்னோட்டம் பாய்ந்து கம்பி பழுக்கும். கம்பியைச் சுற்றிக் கற்பூரமும் தேங்காய்த் தும்பும் வைத்தால் பற்றிக்கொள்ளும். திரையின் மேற்புறத்தில் சுடலையின் காட்சி அவனுக்குத் தெரியும். பெட்டிக்கும் காட்சிக்கும் என் கைத்தொலைபேசி ஒன்றே இணைய வழி.

இடையில் அது செயலிழந்துவிடக்கூடாதே என்று பெரிய பவர் பாங்க் ஒன்றையும் தாங்கியில் கட்டினேன். காட்சி ஓடிக்கொண்டிருக்க, இரண்டும் சேர்ந்து எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்கிட்டேன். ஆறு மணித்தியாலம். கிரியைகள் எவ்வளவு பிந்தினாலும் அதற்குள் முடிந்துவிடும்.

என் வளவிலே ஒத்திகை பார்த்தோம். குகன் பொத்தானைத் தொட்டதற்கும் தும்பு புகைந்ததற்கும் இடையே ஒரு பெருமூச்சு விடும் நேரமே சென்றது.

"பத்தீட்டுதோ மாமா?"

"பத்தீட்டுது தம்பி."

"நான் இஞ்சை நிண்டு அங்கை நெருப்பு வைச்சிருக்கிறன்," என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அப்பாவுக்குச் சொல்லுங்கோ," என்றான்.

சொன்னேன். தில்லையம்பலத்தார் கண்ணை மூடியபடி, "நிரலை மாத்தத் தேவையில்லை," என்றார். அதுவே எங்கள் கடைசி வாதம்.

கதிரையைச் சுற்றி

அவருடைய ஒன்றுவிட்ட தமையன் சோமர், ஊரில் எவருடைய மரணத்திலும் முன்னின்று முறை சொல்பவர். பெட்டியைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"உந்தப் பெட்டிக்கும் துடக்கு, தீட்டு உண்டோ? முப்பத்தொராம் நாள் உதையும் முழுகவார்க்கிறதோ?"

"அண்ணை, இது தில்லையம்பலத்தாரின்ரை விருப்பம்."

"அவன்ரை விருப்பமெண்டால் சரி. ஆனால் எனக்கு உதிலை ஒரு கோதாரியும் விளங்கேல்லை. பிழைச்சால் என்னைக் கேக்கக்கூடாது."

கொள்ளிக்குடத்தோடு சிதையை மூன்றுமுறை சுற்றவேண்டும். குடத்தைச் சோமர் தம் தோளில் ஏற்றினார். குகன் அங்கே தன் தோளில் தண்ணீர் நிறைத்த அலுமினியப் பாத்திரம் ஒன்றை வைத்துக்கொண்டான்.

"தம்பி, கட்டிலை ஒரு நினைப்புக்குச் சிதையெண்டு வைச்சுச் சுத்து," என்றார் சோமர்.

"ஏலாது பெரியப்பா. கட்டில் சுவரோடை ஒட்டிக் கிடக்கு."

"அப்ப என்ன கிடக்கு உங்கை?"

"ஒரு கதிரை. இருந்து சாப்பிடுறது."

"அதைச் சுத்து."

சுற்றினான். சோமரின் குடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துளை விழுந்து நீர் பீறிட்டது. குகன் பாத்திரத்தைச் சரிக்காமல் கவனமாகப் பிடித்திருந்தான்.

"தண்ணி சிந்தவேணுமெல்லே," என்று யாரோ சொல்ல, "சிந்தினால் கீழ்வீட்டுக்கு ஒழுகும். பேந்து அறையை விட்டு எழுப்பிப்போடுவாங்கள்," என்றான்.

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். அவனும் சிரிக்க முயன்று, வாயைக் கோணிக்கொண்டு, அடுத்த சுற்றுக்குத் திரும்பினான்.

பிறகு கொள்ளி. சிதைக்கு முதுகு காட்டி நின்று, கையைப் பின்னே நீட்டி நெருப்பு வைத்து, வைத்தவனைக் கையிற் பிடித்து அப்படியே நடத்திக்கொண்டு போவது எங்கள் முறை. வைத்த நெருப்பை வைத்தவன் பார்க்கலாகாது.

"தம்பி, மற்றப் பக்கம் திரும்பி நில்லு," என்றார் சோமர்.

குகன் திரும்பினான். திரும்பியவனுக்குத் திரை தெரியவில்லை. தொலைபேசியை அலமாரியில் சாத்தி வைத்திருந்தான். கையைப் பின்னே நீட்டித் தடவினான். பொத்தான் அகப்படவில்லை. எனக்குப் பதற்றம். தவறான இடத்தில் விரல் பட்டுத் தொடர்பு அறுந்தால், இத்தனை பேரின் முன்னிலையில் பெட்டி தோற்றுவிடும்.

"திரும்பு தம்பி," என்றேன் நான். "பாத்து அமத்து."

"முறை அதில்லை," என்றார் சோமர்.

"முறை பாத்தால் நெருப்புப் பத்தாது அண்ணை. நீ பாத்து அமத்து தம்பி. நல்லாப் பார்."

அவன் திரும்பினான். தந்தையின் முகத்தைப் பார்த்தான். விரலை வைத்தான்.

ஒரு பெருமூச்சு நேரம். கம்பி சிவந்தது. கற்பூரம் பற்றிற்று. இளைஞர்கள் எல்லாரும் தங்கள் தொலைபேசிகளை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்தார்கள். ஒருவர் என் தோளைத் தட்டினார்.

திரும்பிப் பாராமல்

"எல்லாரும் நடவுங்கோ. ஒருத்தரும் திரும்பிப் பாராமல் போங்கோ," என்று சோமர் குரல் கொடுத்தார்.

நடந்தோம். முதுகில் வெப்பம் தெரிந்தது. சுடலை வாசலைக் கடந்து, பனை வடலிகள் நிற்கும் வளைவுக்கு வந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது.

"என்ரை போன் அங்கை நிக்குது."

"திரும்பாதையும்," என்றார் சோமர். "விடியக் காடாத்துக்கு வரேக்கை எடுக்கலாம். சின்னராசா அங்கைதானே நிக்கிறான். சுடலையிலை ஆர் வந்து களவெடுக்கப்போறான்?"

சின்னராசா சிதை எரிந்து முடியும்வரை காவல் நின்று விறகு தள்ளிவிடுபவர். அவரிடம் நான் முன்னமே எச்சரித்திருந்தேன்: மின்சாரம் உள்ள பொருள்கள், கிட்டப் போகவேண்டாம், தொடவேண்டாம். ஆகவே பழுது வராது என்று என்னைத் தேற்றிக்கொண்டு நடந்தேன். ஒரு தொலைபேசியை விட்டுவருகிறேன் என்றுதான் நினைத்தேன். முழுகி, தேநீர் குடித்து, பெட்டி வேலை செய்த விதத்தை அயலவர் மூவருக்கு விரித்துரைத்தேன்.

காடாத்து

மறுநாட் காலை சாம்பல் ஆற்றச் சென்றபோது தாங்கி அப்படியே நின்றது. தொலைபேசி கரிபிடித்து, அணைந்து கிடந்தது. சின்னராசா என்னைத் தனியே அழைத்தார்.

"ஐயா, உதுக்குள்ளை இருந்த தம்பி ஆர்? பெரியவரின்ரை மகனோ?"

"ஓம். ஏன்?"

"நீங்கள் போனாப்பிறகும் நிண்டது. பொழுதுபட்டும் நிண்டது. ஒருக்கால் 'அண்ணை, தலைப்பக்கம் விறகு சரியுது' எண்டு கூப்பிட்டுச் சொல்லிச்சுது. நான் போய்த் தள்ளிவிட்டனான். பேந்து ஒண்டும் கதைக்கேல்லை. பாத்துக்கொண்டு நிண்டது. நிப்பாட்டுவம் எண்டால், நீங்கள் தொடவேண்டாம் எண்டனீங்கள்."

சோமர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு குடத்தை எடுத்துச் சாம்பலில் நீர் ஊற்றப் போனார். முறை பிழைத்தது என்று என்னைச் சொல்லியிருக்கலாம்.

இளைஞர்கள் எடுத்த படம் அதற்குள் கடல் கடந்து பரவிவிட்டது. அந்த மாதத்திலேயே மூன்று குடும்பங்கள் என்னைத் தேடி வந்தன. வந்தவர்களுள் ஒருவர், தன் தாய் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்றும், எதற்கும் ஆயத்தமாக இருப்பது நல்லதுதானே என்றும் சொன்னார். "இனிப் பிள்ளையள் வராட்டிலும் பரவாயில்லை," என்றார். அவர் அதைப் புகழ்மொழியாகவே சொன்னார். நான் கதவைச் சாத்தினேன். அவரைக் கோபித்து என்ன பயன்? பிள்ளையை வரவிடாத உலகத்துக்கு ஏற்ற யந்திரத்தை நானே செய்து கொடுத்திருந்தேன். அகதி விண்ணப்பங்களை அடுக்கி வைத்திருக்கும் அந்தக் கந்தோர்களுக்கும் இனி அவசரம் இராது.

தொலைவிலிருந்தே கொள்ளி வைக்க இயலுமா என்ற கேள்வி இந்தப் பத்திரிகைக்கும் வந்தது. அதற்கு நேர்மையான பதில் 'ஆகும்' என்பதே. ஆதலால் என் கேள்வி பதில் பகுதியை அதனோடு நிறுத்திக்கொண்டேன்.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த பின் குகன் அழைத்தான்.

"மாமா, பெட்டி நல்லா வேலை செய்தது. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

"தம்பி," என்றேன். சின்னராசா சொன்னதைச் சொன்னேன்.

"நானே நிப்பாட்டியிருக்கலாம். ஓம். விரலாலை ஒருக்கால் தொட்டால் காணும். ஆனால் பெரியப்பா எல்லாரையும் நடவுங்கோ எண்டார், எல்லாரும் போட்டினம். கொள்ளி வைச்சவனை ஆராவது கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறதெல்லே மாமா? என்னைக் கூட்டிக்கொண்டு போக ஒருத்தரும் வரேல்லை. அப்பா தனியக் கிடக்கிறார். நான் எப்பிடி நிப்பாட்டுறது?"

"எவ்வளவு நேரம் தம்பி நிண்டனீ?"

"தெரியாது. பதினொண்டரைக்கு நீங்கள் சுடலையைக் காட்டினனீங்கள். அது தானா அணையேக்கை இஞ்சை அஞ்சரை."

அவன் வேலைக்குப் பிந்துகிறது என்று வைத்துவிட்டான். நான் கொப்பியை எடுத்து, பவர் பாங்கின் கணக்கைப் போட்டிருந்த பக்கத்தைப் பார்த்தேன். ஆறு மணித்தியாலம் என்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தேன். கணக்கில் ஒரு நிமிடமும் பிழை இல்லை.